ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்: இணையத்தில் தமிழ் ஒரு பொதுத்தரத்திற்கு வந்த வரலாறு



இன்று நம் தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவர் கைப்பேசியில் ‘திருக்குறள்’ என்று தட்டித் தேடினால் நொடிப்பொழுதில் எண்ணற்ற பக்கங்கள் வந்து நிற்கின்றன. கோலாலம்பூரில் தட்டச்சு செய்த கட்டுரையை யாழ்ப்பாணத்திலோ இலண்டனிலோ இருப்பவர் எந்த முன்னேற்பாடும் இன்றிப் படிக்கிறார். நம் பிள்ளைகள் இதனை வானையும் மழையையும் போல இயல்பாய் அமைந்ததாகவே எண்ணுகின்றனர். ஆனால், 1990களின் நடுப்பகுதி தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகள் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. ஓர் ஊரில் எழுதிய தமிழ் இன்னோர் ஊரில் பொருளற்ற கோடுகளாகவும் கட்டங்களாகவும் தோன்றிய காலம் அது. அந்நிலை மாறியதில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் நல்ல பங்குண்டு. நம் வகுப்பறைகளில் அதிகம் பேசப்படாத வரலாறு என்பதால் அதனை இங்கே எழுத விழைகிறேன்.

வலை பொதுவழியான கதை

வையவிரிவு வலையை உருவாக்கியவர் டிம் பெர்னர்ஸ்-லீ. ஜெனீவா நகரை ஒட்டியுள்ள சேர்ன் ஆய்வகத்தில் பணியாற்றியபோது, 1989 மார்ச்சில் அதற்கான முதல் முன்மொழிவை அவர் எழுதினார். அக்காலத்தில் வலைக்குப் போட்டியாகக் ‘கோஃபர்’ என்றொரு முறை இருந்தது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் 1991-இல் வெளியிட்ட அம்முறைதான் தொடக்கத்தில் வேகமாகப் பரவியது. 1993-இல் அப்பல்கலைக்கழகம் கோஃபர் வழங்கி மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் வாங்கும் எண்ணத்தை அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், சேர்ன் ஆய்வகம் தன் வலை மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் எனப் பொதுவில் விட்டது. எழுத்தையும் படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டிய மொசைக் உலாவியும் அவ்வாண்டில் வெளிவந்தது. சில ஆண்டுகளுக்குள் கோஃபர் மறைந்தது. வலை உலகை ஆண்டது.

ஒரு கருவி எவ்வளவு சிறந்தது என்பதோடு, அதனைத் திறந்து வைத்திருக்கிறார்களா, பூட்டி வைத்திருக்கிறார்களா என்பதும் அதன் ஆயுளை முடிவு செய்கிறது. தமிழின் கதையிலும் இதனையே காண்கிறோம். வலை என்னும் வழி திறந்தே இருந்தது. அவ்வழியில் தமிழ் நடக்கத் தொடங்கியபோதுதான் எழுத்துக்குள்ளேயே ஒரு பூட்டு இருப்பது தெரிந்தது.

128 இடங்களும் 247 எழுத்துகளும்

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். எனவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து வைக்க வேண்டும். 1963-இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி என்னும் தரம் 128 இடங்களைக் கொண்டது. அதில் ஆங்கிலத்தின் முதற்பெரிய எழுத்துக்கு 65 என்னும் எண் கிடைத்தது. இந்த எண்ணை எல்லா நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டதால்தான், ஒரு கணினியில் எழுதிய ஆங்கிலம் மற்றொரு கணினியிலும் ஆங்கிலமாகவே தெரிந்தது.

பின்னாளில் 256 இடங்கள் கிடைத்தன. முதல் 128 ஆங்கிலத்திற்கும் குறியீடுகளுக்கும் போக, எஞ்சியவை 128. தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள். இவற்றை எங்கே வைப்பது? எழுத்துரு செய்தோர் ஓர் உத்தியைக் கண்டனர். உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18, மெய் 18, வடிவம் மாறும் உகர ஊகார உயிர்மெய்கள் 36 ஆகியவற்றைத் தனித்தனியே வைத்துவிட்டு, துணைக்கால், கொம்பு, இணைக்கொம்பு போன்ற குறிகளைத் தனித்துண்டுகளாக ஆக்கினர். கிரந்த எழுத்துகளையும் சேர்த்தால் ஏறத்தாழ நூறு துண்டுகள். ‘கொ’ என்று எழுத ஒற்றைக்கொம்பு, ‘க’, துணைக்கால் என மூன்று துண்டுகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடுக்கினர். அச்சுக்கோப்பவர் ஈய எழுத்துகளை அடுக்கியது போன்ற வேலைதான் இதுவும்.

உத்தி நல்ல உத்திதான். ஆனால், எந்தத் துண்டுக்கு எந்த எண் என்பதை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி வைத்துக்கொண்டனர். ஒருவரின் எழுத்துருவில் ‘அ’ இருக்கும் இடத்தில் மற்றவரின் எழுத்துருவில் ‘ழ’ இருந்தது. சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ்த் துண்டுகளை வைத்தனர். அவ்வெழுத்துருவில் ஆங்கிலமும் தமிழும் கலந்து எழுத இயலாது.

ஊருக்கோர் எழுத்துரு

இதனால் வாசகர் பட்ட பாடு கொஞ்சமன்று. நாளிதழ் ஒன்றைப் படிக்க ஓர் எழுத்துரு. வார இதழுக்கு வேறோர் எழுத்துரு. இலக்கியத் தளத்திற்கு மற்றொன்று. ஒவ்வொன்றையும் தொலைபேசி வழி இணைப்பில் மெதுவாக இறக்கிக் கணினியில் நிறுவ வேண்டும். “இப்பக்கத்தைப் படிக்க எழுத்துருவை இறக்கிக்கொள்க” என்னும் அறிவிப்பையே தமிழில் எழுத முடியாது. எழுத்துரு இல்லாதவருக்கு அது தெரியாதே! ஆகவே அதனை ஆங்கிலத்திலோ படமாகவோ போட்டு வைத்தனர். இணைய நிலையங்களிலும் பள்ளிக் கணினிக்கூடங்களிலும் எழுத்துரு நிறுவ இசைவு கிடைப்பது அரிது. கணினியில் பழக்கமற்ற பெற்றோர் முதல் பக்கத்திலேயே திரும்பிப் போயினர்.

எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் ‘இயங்கு எழுத்துரு’ முறை 1990களின் இறுதியில் வந்தது. அப்பொழுது உலாவிப் போர் உச்சத்தில் இருந்தது. நெட்ஸ்கேப் ஒரு வடிவத்தையும் மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வேறொரு வடிவத்தையும் ஏற்றன. இரண்டு உலாவிகளுக்கும் தனித்தனியே எழுத்துரு செய்து வைத்தால்தான் எல்லாருக்கும் தெரியும். இந்தத் தொல்லை ஆங்கிலப் பக்கங்களுக்கும் இருந்தது. ‘இன்ன உலாவியில் பார்க்கவும்’ என்னும் அட்டைகள் பக்கந்தோறும் தொங்கின. உலாவிகள் எல்லாம் பொதுத்தரங்களைப் பின்பற்ற வேண்டும் என வலியுறுத்த 1998-இல் ஓர் இயக்கமே தோன்றியது. எல்லா உலாவிகளும் ஏற்கும் வலை எழுத்துரு வடிவம் 2012-இல்தான் முறையான பரிந்துரையாயிற்று.

பக்கம் கண்ணுக்குத் தெரிந்தாலும் இன்னொரு குறை இருந்தது. தேடுபொறிக்கு அது தமிழ் என்றே தெரியாது. கணினியின் பார்வையில் அது பொருளற்ற குறிகளின் வரிசை. பாரதியாரைப் பற்றி நூறு கட்டுரைகள் இருந்தாலும், ‘பாரதியார்’ என்று தேடிக் கண்டெடுக்க வழியில்லை.

பூட்டிய பாடல்கள்

இதன் இழப்பு எத்தகையது என்பதை நான் நேரில் கண்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இறுவட்டு ஒன்றைத் தந்தார். 1990களின் இறுதியில் இரப்பர்த் தோட்டத்து மூதாட்டியர் சிலரிடம் கேட்டு அவர் தட்டச்சு செய்து வைத்த தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் அதில் இருந்தன. மொத்தம் 43 பாடல்கள். பாடியவர்களில் எவரும் இன்று உயிரோடில்லை. அந்தத் தோட்டமும் இல்லை. கோப்புகள் பழுதின்றித் திறந்தன. ஆனால், திரை முழுதும் விளங்காக் குறிகள். அவர் அன்று விலைகொடுத்து வாங்கிய மென்பொருள் தனக்கென ஓர் எண்வரிசையை வைத்திருந்தது. அவ்வரிசை எங்கும் வெளியிடப்படவில்லை. விற்றவர்களும் கடையை மூடிப் பல காலமாகிவிட்டது.

நற்பேறாக, 6 பாடல்களின் அச்சுத்தாள் அவரிடம் இருந்தது. தாளையும் திரையையும் அருகருகே வைத்து, இந்தக் குறி ‘த’, இந்தக் குறி துணைக்கால் என்று ஒரு பள்ளி விடுமுறை முழுவதும் பட்டியலிட்டோம். பெரும்பாலான பாடல்கள் மீண்டன. அச்சுத்தாளில் இடம்பெறாத சில குறிகளுக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. அவ்விடங்களில் இன்னும் புள்ளிகளைத்தான் வைத்திருக்கிறோம். தம் மொழியில், தம் கையால் எழுதியதைக் கல்வெட்டைப் படிப்பது போலப் படிக்க நேர்ந்ததே என்று அந்த ஆசிரியை வருந்தினார்.

ஓலைச்சுவடியைக் கறையான் தின்றது என்கிறோம். இங்கே சுவடி முழுமையாக இருந்தது. அதைப் படிக்கும் திறவுகோல்தான் தொலைந்துபோனது.

தனிமுயற்சிகள் தரமாகத் திரண்டன

இந்நிலையை மாற்றப் பாடுபட்டோர் பலர். 1980களிலேயே கனடாவில் வாழ்ந்த முனைவர் சீனிவாசன் ‘ஆதமி’ என்னும் தமிழ்ச் செயலியை உருவாக்கினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் அதே காலத்தில் ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கினார். பின்னர் அது ‘முரசு அஞ்சல்’ என வளர்ந்தது. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் முனைவர் கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவைச் செய்து இலவசமாக வழங்கினார். சிங்கப்பூரின் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி ‘கணியன்’ முறையை உருவாக்கினார். 1995-இல் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளை வலையேற்றியபோது, தமிழ்க் கவிதைகளும் அவற்றோடு இடம்பெற்றதில் அவருக்குப் பெரும்பங்குண்டு.

தனித்தனியே உழைத்தவர்கள் கூடிப் பேச ஒரு களம் வேண்டுமல்லவா? 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் நடந்த ‘தமிழ்நெட் 97’ கருத்தரங்கம் அக்களமாயிற்று. அதன்பின் பல நாடுகளிலிருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சல் குழுவில் கூடி, எந்த எழுத்துக்கு எந்த எண் என்று ஒவ்வொன்றாக விவாதித்து ‘திஸ்கி’ என்னும் தரத்தை வகுத்தனர். முதல் 128 இடங்கள் ஆங்கிலத்திற்கு, அடுத்த 128 தமிழுக்கு என்பது அதன் அமைப்பு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டின் பயனாக, தமிழ்நாட்டு அரசு ‘தாம்’, ‘தாப்’ என்னும் இரு குறியேற்றங்களையும் ‘தமிழ் 99’ விசைப்பலகையையும் தரங்களாக அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் நா. கோவிந்தசாமி காலமானார். 2000-இல் சிங்கப்பூரிலும் 2001-இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடந்தன. ‘உத்தமம்’ என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் இக்காலத்தில்தான் தோன்றியது.

திஸ்கியில் நாம் போற்ற வேண்டியது, அதன் அட்டவணை எல்லாரும் காணும்படி வெளியிடப்பட்டதுதான். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் திஸ்கியில் வலையேறின. பின்னாளில் தரம் மாறியபோது, அட்டவணை கையில் இருந்ததால் அந்நூல்களை மென்பொருள் கொண்டு எழுத்துப் பிசகாமல் மாற்ற முடிந்தது. மேலே சொன்ன தோட்டத்துப் பாடல்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்துக் கோப்புகள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஒருங்குறியின் வருகை

அதற்குள் உலக அளவில் வேறொரு முயற்சி வளர்ந்துகொண்டிருந்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே எண்பட்டியல் என்னும் நோக்கத்தோடு 1991-இல் ஒருங்குறியின், அதாவது யூனிகோடின், முதற்பதிப்பு வெளிவந்தது. அதிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இப்பட்டியலில் ‘க’ என்பதன் எண் 2965. உலகில் எந்தக் கணினியிலும், எந்த எழுத்துருவிலும், 2965 என்றால் ‘க’ மட்டுமே. எழுத்துரு மாறினால் அழகு மாறும்; எழுத்து மாறாது.

உயிர்மெய்யைத் துண்டுகளாகக் காட்சிவரிசையில் அடுக்கும் முறையும் இதில் இல்லை. ‘கொ’ என்பதைக் ‘க’, அதன்பின் ஒகரக் குறி என ஒலிவரிசையில் கணினி நினைவில் வைத்துக்கொள்ளும். ககரத்தின் இருபுறமும் குறியைப் பிரித்துக் காட்டுவது திரையின் வேலை. நம் இலக்கணம் உயிர்மெய்யை மெய்யும் உயிரும் கூடியதாகக் காண்பதை இது பெரிதும் ஒத்திருக்கிறது.

ஆயினும், 1991-இல் கிடைத்த இடம் உடனே பயன்படவில்லை. அவ்வெண்களைத் திரையில் தமிழாகக் காட்டும் ஆற்றல் கணினிகளுக்கு இல்லை. விண்டோஸ் 2000-இல்தான் ‘லதா’ எழுத்துருவோடு தமிழ் உள்ளமைந்து வந்தது. 2005-இல் ஆப்பிளின் மாக் இயங்குதளம் ‘இணைமதி’ எழுத்துருவையும் தமிழ் உள்ளீட்டையும் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டில் முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழி செய்தது. ‘தமிழா’ குழுவினரின் ‘இ-கலப்பை’ போன்ற இலவச மென்பொருள்களால் பொதுமக்கள் ஒருங்குறியில் தட்டச்சு செய்யத் தொடங்கினர். 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. தேடுபொறிகள் முதன்முறையாகத் தமிழைத் தமிழாகக் கண்டன.

குறைகளும் வழக்குகளும்

ஒருங்குறி மாசற்றது என்று சொல்ல இயலாது. தமிழுக்கான இட ஒதுக்கீடு, இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இஸ்கி தரத்தைப் பின்பற்றியது. அத்தரம் இந்திய எழுத்துமுறைகள் பலவற்றையும் தேவநாகரியை ஒட்டி ஒரே வரிசையில் வைத்தது. அதனால் தமிழ் நெடுங்கணக்கின் ஒழுங்கு குலைந்தது. ‘ந’ 2984, ‘ன’ 2985, ‘ப’ 2986 என்று அமைந்துள்ளதைப் பாருங்கள். நெடுங்கணக்கின் இறுதியில் நிற்கும் னகரம் பகரத்திற்கு முன்னே வந்துவிட்டது. ழகரமும் வகரத்தை முந்திக்கொண்டது. இவ்வெண்களின்படியே சொற்களை அடுக்கினால் ‘மனம்’ முதலிலும் ‘மயில்’ பிறகும் வரும். நம் அகராதிகளில் ‘மயில்’தான் முதலில் வரும். இதனைச் சரிசெய்ய அகரவரிசைக்கெனத் தனிவிதிகள் எழுத வேண்டியதாயிற்று.

மற்றொரு குறை, ‘க’ என்பதற்கு ஓர் எண் இருக்க, ‘க்’ என்பதற்கு இரண்டு எண்கள் தேவைப்படுவது. புள்ளி தனியே 3021ஆம் எண்ணாக வருகிறது. மெய்யே அடிப்படை, அதனோடு அகரம் சேர்ந்ததே ‘க’ என்று வகுப்பில் கற்பிக்கிறோம். கணினியோ தலைகீழாகக் கணக்கிடுகிறது. கோப்பின் அளவும் பெருகுகிறது: வலையில் பரவலாக வழங்கும் முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு, தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள்.

இக்குறைகளை முன்வைத்து, ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் 16 பிட்டுக் குறியேற்றம் வேண்டும் என்று அறிஞர் பலர் வாதிட்டனர். 2010-இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று, அப்பதினாறு பிட்டு முறையை மாற்றுத் தரமாகவும் அறிவித்தது. மாற்றுமுறை இலக்கணத்திற்கு அணுக்கமானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், உலகின் எல்லாக் கருவிகளும் ஏற்றுக்கொண்ட தரத்தின் பயன் வேறு. குறையுள்ள பொதுத்தரத்தைக் காலப்போக்கில் விதிகளால் செப்பனிடலாம்; எவரும் அறியாத தனித்தரத்தில் எழுதியதை மீட்பதுதான் அரிது.

அண்டை நாடான மியன்மாரின் பட்டறிவும் இதனையே காட்டுகிறது. அங்கே ‘ஸோஜி’ என்னும் எழுத்துரு, ஒருங்குறியின் எண்களைத் தன் போக்கில் பயன்படுத்திக்கொண்டு நாடெங்கும் கைப்பேசிகளில் வேரூன்றியது. அதனால் ஒருவர் எழுதியது மற்றவருக்குப் புரியாத நிலை நீடித்தது. 2019 அக்டோபர் முதல் நாளன்றுதான் அந்நாடு முறைப்படி ஒருங்குறிக்கு மாறியது. தமிழ் ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்பே அந்த ஆற்றைக் கடந்துவிட்டது.

நாம் செய்ய வேண்டியவை

வரலாற்றை அறிவதோடு நம் கடமை முடிவதில்லை. ஆசிரியர்களும் பெற்றோர்களும் செய்யக்கூடியவை சில:

1. பள்ளி ஆண்டுமலர்கள், பழைய பயிற்சித்தாள்கள், நாடகப் படிகள் முதலியவை 2005-க்கு முந்தைய கோப்புகளாக இருந்தால் உடனே திறந்து பாருங்கள். எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொண்டு, இணையத்திலுள்ள குறியேற்ற மாற்றிகளின் துணையால் ஒருங்குறிக்கு மாற்றுங்கள்.

2. அச்சுப்படி இருந்தால் தூக்கி எறியாதீர்கள். கோப்பு திறக்காத நாளில் அதுவே திறவுகோல்.

3. பள்ளிக்கு மென்பொருள் வாங்கும்போது, “இதில் எழுதியதை வேறு மென்பொருளில் திறக்க முடியுமா?” என்று கேளுங்கள். விலையைக் கேட்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது.

4. மாணவர்களுக்குத் ‘தமிழ் 99’ விசைப்பலகையைப் பழக்குங்கள். இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டல்கள் போதும். புள்ளி தானே விழும். ஆங்கில எழுத்தின் வழியாகத் தமிழை எண்ணும் பழக்கம் பிள்ளைகளிடம் வேரூன்றாமல் இருக்க இது உதவும்.

மூத்தோர் எண்களை ஒவ்வொன்றாக விவாதித்துத் தரம் வகுத்தபோது, அவர்களுக்குள் கடுமையான கருத்து வேறுபாடுகள் இருந்தன. ஆயினும், முடிவுகளை வெளிப்படையாக வைத்தனர். வந்தவர்கள் எல்லாரும் எடுத்தாளட்டும் என்று விட்டனர். இன்று நம் பிள்ளை எழுதும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும் அந்தத் திறந்த பட்டியலின் மேல்தான் நிற்கிறது. அடுத்த கணினி வகுப்பில் ‘க’ என்பதன் எண் 2965 என்று கரும்பலகையில் எழுதி, அது எப்படி வந்தது என்று மாணவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்கள் கண்கள் விரிவதைக் காண்பீர்கள்.